அரியலூரும் ஸ்ரீவைகுண்டமும்

இருப்புப் பாதையின் உறுதி இரும்பில் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மண்ணில் இருக்கிறது. அம்மண்ணின் உறுதியோ நீரின் தயவில் இருக்கிறது. தமிழக ரயில் வரலாற்றின் இரண்டு மழை இரவுகள் இதற்குச் சான்று.

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் விடியுமுன் அரியலூரைக் கடந்தது. பெருமழையால் பொங்கியெழுந்த மருதையாறு, பாலத்தை நிலைகுலையச் செய்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில்தான் மகபூப்நகர் அருகே இவ்வாறே ஒரு பாலம் வீழ்ந்து பல உயிர்களைக் காவு கொண்டிருந்தது. அப்போதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பின் விலகியே விட்டார். அவருடைய பெருந்தன்மையை நாடு இன்றும் போற்றுகிறது. ஆனால், அன்றிரவு அவ்வண்டியை நிறுத்த ஒரு கை நீளாமற் போனதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பாலுள்ள பாதையில், தண்டவாளத்தின் கீழிருந்த சரளைக் கற்களையும் மண்ணையும் வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. அதே பாதையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் அது மிகுதி. ஏறத்தாழ 800 பயணிகள் தவித்தனர். அருகிருந்த புதுக்குடி மக்கள், தம் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோதும், உலையேற்றி அவர்களுக்கு உணவளித்தனர். அவ்வண்டியில் எவரும் வெள்ளத்துக்கு இரையாகவில்லை.

ரயில்பாதையின் மண்மேடு, நீரோட்டத்தின் குறுக்கே கட்டிய அணையை ஒத்தது. அதன் பாலங்களும் மதகுகளும் முற்காலத்து மழைக் கணக்கைக் கொண்டு அளவிடப்பட்டவை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏற்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. எனவே பழைய கணக்கு இனிச் செல்லாது. மதகுகள் அகல வேண்டும், ஏரிக்கரைகள் வலுப்பெற வேண்டும்.

அதுவரை நமக்குள்ள காவல், மழையிரவில் பாதையைப் பார்த்து வருவோரின் கண்ணும், வண்டியை நிறுத்தத் துணியும் நிலைய அதிகாரியின் கையுமே. குறித்த நேரத்தில் சேர்வதையே ரயிலின் நம்பகம் என்கிறோம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் நம்பகமே என்பதை ஸ்ரீவைகுண்டம் உணர்த்திற்று. அரியலூர் அதனை மிகப் பெரிய விலை கொடுத்து முன்னரே சொல்லியிருந்தது.