திராவிட நாட்டின் விளிம்பில் தங்கவயல்

பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்களா ஏரியின் நீரைச் சுத்திகரித்து, கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் கொண்டுசெல்லும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிலும் மிகுதியானோர் ஆதிதிராவிடர். 1949 செப்டம்பர் 17 அன்று சென்னையில் தோன்றிய தி.மு.க. கேட்ட திராவிட நாட்டில் மைசூரும் அடங்கும். அந்த மைசூருக்குள் அக்கட்சி வேர்விடத் தங்கவயலைவிடப் பொருத்தமான நிலம் வேறில்லை. ஆனாலும் அங்கே அதன் தேசியம் வாக்காக மாறவில்லை.

மண் பண்படாததல்ல காரணம். அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலின் மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று அவர் தொடங்கி, பின்னர் 'தமிழன்' ஆன இதழுக்கு இங்கே வாசகர்கள் இருந்தார்கள். 1914இல் அவர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். அங்குள்ள சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டது. பகலெல்லாம் பாறை குடைந்தவர்களிடையே சாதி மறுப்பும் வேத மறுப்பும் தமிழின் தொன்மையும் அச்சேறிப் பேசப்பட்டன என்பதைத் திராவிட இயக்க வரலாறுகள் போதிய அளவு மதித்ததில்லை. தி.மு.க. புதுமையாகச் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இங்கே ஒரு தலைமுறைக்கு முன்பே பழகிய பேச்சு.

இடம் வேறு கைகளுக்குப் போயிருந்தது. 1946 நவம்பர் 4 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அக்காலத் தொழிலாளர் போராட்டங்களில் முன்னின்ற கம்யூனிஸ்டுகள் மீது தொழிலாளர்களுக்கு ஏற்பட்ட பற்று நீண்ட காலம் நிலைத்தது. 1952 தேர்தலில் இரட்டை உறுப்பினர் தொகுதியாயிருந்த தங்கவயல், கம்யூனிஸ்டான கே.எஸ். வாசனோடு அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன் வேட்பாளரையும் அனுப்பியது. 1954இல் அம்பேத்கர் நேரில் வந்து சென்றார். வர்க்கமும் சாதியும் பேசிய இரு கட்சிகளுக்கு நடுவே இனத்தை முன்வைத்த கட்சிக்கு மிச்சமிருந்த வெளி சிறிது.

1956 அதையும் சுருக்கியது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தங்கவயல் மைசூரிலேயே இருந்தது. அதே ஆண்டில் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. கூலிக்கும் வீட்டுக்கும் எந்த அரசிடம் மனுக் கொடுக்க வேண்டுமோ, அந்த அரசிடமிருந்தே பிரிந்து போவோம் என்ற முழக்கம் அங்கே எடுபட வழியில்லை என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டில் அதே 1962இல் தி.மு.க. 50 இடங்களை வென்றது. மறு ஆண்டு பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் அது சென்னையில் ஆட்சியைப் பிடித்தபோதும் தங்கவயலின் கணக்கு மாறவில்லை. 1970களில் இத்தொகுதி அம்பேத்கர் வழிவந்த இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்திடம் இருந்தது.

மாற்றம் 1983இல் வந்தது, அதுவும் அ.தி.மு.க. வழியாக. பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் தரச் சொன்ன கோகாக் குழு அறிக்கைக்காக 1982இல் கன்னட நடிகர் ராஜ்குமார் தலைமையில் பெரும் கிளர்ச்சி எழுந்திருந்தது. பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு என்னவாகும் என்ற கவலை லைன்களில் பரவியது. எம்.ஜி.ஆர். கட்சியின் பக்தவத்சலம் வென்றதற்கு எம்.ஜி.ஆரின் திரைக் கவர்ச்சியை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்தக் கவலையைத் தவறவிடுகிறார்கள். நாடு கேட்ட தேசியம் தோற்ற இடத்தில், அயல் மாநிலத்தில் காப்புத் தேடிய சிறுபான்மை உணர்வு வென்றது. அந்த வெற்றியும் நிலையாக இல்லை: 1985இல் மார்க்சிஸ்ட் டி.எஸ். மணி, 1989இல் மீண்டும் பக்தவத்சலம், 1994இல் குடியரசுக் கட்சியின் ராஜேந்திரன், 1999இல் மறுபடி பக்தவத்சலம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருக்கு ரயிலேறத் தொடங்கினார்கள். 2008 தொகுதிச் சீரமைப்பில் பேத்தமங்களா என்ற தொகுதி இல்லாமற்போனது. கன்னடமும் தெலுங்கும் பேசும் அதன் கிராமங்கள் தங்கவயலோடு சேர்ந்தன. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்றவர் பாரதிய ஜனதாவின் ஒய். சம்பங்கி.