போத்தலில் மாறி ஒட்டிய பெயர்



உயிருள்ள கலங்களை உறைய வைத்து ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பது பற்றிச் சென்ற மாதம் எமது வானொலியில் பேசியிருந்தேன். பேச்சு முடிந்ததும் தொலைபேசியில் வந்த ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, கடையில வாங்கிற உறைஞ்ச முருங்கைக்காய், ஐஸ் கரைஞ்சவுடன சொதசொதத்துப் போகுது. அப்பிடியிருக்க உயிருள்ள கலத்தை உறைய வைச்சு எப்பிடித் திரும்ப உயிரோட எடுக்கினம்?"

நான் கணக்காளன், விஞ்ஞானி அல்லன். ஆனால் அந்த அம்மா கேட்டதுதான் விஞ்ஞானிகளையும் நெடுங்காலம் திணறடித்த கேள்வி. அன்று நேரம் போதாததால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கலத்தின் பெரும்பகுதி நீர். குளிரும்போது முதலில் கலத்துக்கு வெளியே உள்ள நீர்தான் பனிக்கட்டியாகிறது. பனிக்கட்டிக்குள் உப்பு சேராது. ஆகவே மிஞ்சிய நீரில் உப்புச் செறிந்து, கலத்தின் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மிக மெதுவாகக் குளிர்த்தினால் கலம் நீர் இழந்து, உப்புக் கூடிச் சாகிறது. சடுதியாகக் குளிர்த்தினாலோ நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனிப் பளிங்காகிக் கலத்தைச் சிதைக்கிறது. முருங்கைக்காய்க்கும் பனிப் பளிங்கால்தான் சேதம். கரைந்ததும் உடைந்த கலங்களிலிருந்து நீர் வடிகிறது.

இதற்கு விடை கிடைத்த இடம் வட லண்டனில் உள்ள மில் ஹில். அங்கே மேட்டில் பச்சை நிறச் செப்புக் கூரையோடு ஒரு பெரிய கட்டடம் நின்றது. 90களில் நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில், வேலைக்குப் போகும்போது பஸ் யன்னலால் அதைப் பார்ப்பேன். ஏதோ வைத்தியசாலை என்றே நினைத்திருந்தேன். அது தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என்பது பின்னர்தான் தெரிந்தது. 2015இல் அந்நிறுவனம் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்துடன் இணைந்தது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு இப்போது அங்கே வீடுகள் உள்ளன.

1948இல் அங்கே அலன் பார்க்ஸ், ஓட்றி சிமித், கிறிஸ்தோபர் போல்ஜ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களை உறைய வைத்து மீட்க முயன்றுகொண்டிருந்தார்கள். பழச் சீனிக் கரைசலில் இட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை. கரைசல் போத்தல்களைக் குளிர் அறையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து, சீனி என்று பெயர் ஒட்டியிருந்த ஒரு போத்தலை எடுத்து மீண்டும் முயன்றபோது அதிசயம் நடந்தது. பூச்சியத்துக்குக் கீழே 79 பாகை வரை குளிர்ந்த விந்தணுக்கள், கரைந்ததும் நீந்தத் தொடங்கின!

உடனே புதிதாகச் சீனிக் கரைசல் தயாரித்துச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. பழைய போத்தலிலோ 10, 15 மில்லிலீற்றர்தான் மிச்சம். அதைக் கொண்டு இன்னும் ஓரிரு தடவை வெற்றி கண்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல் மிச்சத்தை இரசாயனப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். போத்தலில் சீனியே இல்லை! இருந்தது கிளிசரோலும் அல்புமின் என்ற புரதமும். நுணுக்குக்காட்டித் தகடுகளில் இழையத் துண்டுகளை ஒட்டுவதற்கு வைத்திருந்த கலவை அது. குளிர் அறையில் எப்போதோ பெயர்த் துண்டுகள் மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன.

கலத்தைக் காத்தது கிளிசரோல். 1949 ஒக்டோபரில் இது 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. பிரான்சைச் சேர்ந்த ஜோன் ரொஸ்தான் 1946இலேயே தவளையின் விந்தணுக்களில் இத்தகைய பலனைக் கண்டு எழுதியிருந்தார். அப்போது அதைப் பலர் கவனிக்கவில்லை.

மில் ஹில்லில் வேலை வேகமாக நடந்தது. 1950இல் சிமித் அம்மையார் செங்குருதிக் கலங்களைக் கிளிசரோலின் உதவியோடு உறைய வைத்து மீட்டார். 1951இல் உறைந்த விந்தணுவிலிருந்து முதலாவது கன்றுக்குட்டி பிறந்தது. உறையும்போது செறியும் உப்பே செங்குருதிக் கலங்களைக் கொல்கிறது என்பதை 1953இல் ஜேம்ஸ் லவ்லொக் விளக்கினார். கிளிசரோல் கலத்துக்குள்ளும் புகுந்து அந்த உப்புச் செறிவைத் தணிக்கிறது. 1959இல் அவரும் பிஷப் என்பவரும் கிளிசரோலை விட விரைவாகக் கலத்துக்குள் புகக்கூடிய டைமீதைல் சல்பொக்சைட்டைக் கண்டுகொண்டார்கள்.

இன்றும் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் அந்த முறைதான். ஊட்டக் கரைசலில் ஏறக்குறைய 10 வீதம் இந்த மருந்தைக் கலந்து, கலங்களைச் சிறு குப்பிகளில் இட்டு, நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற அளவில் மெல்லக் குளிர்த்துவார்கள். பிறகு திரவ நைதரசன் தொட்டி. அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. அந்தக் குளிரில் கலத்தின் இரசாயன வேலைகள் எல்லாம் நின்றுவிடும். எடுக்கும்போது 37 பாகை வெந்நீரில் வைத்து விரைவாகக் கரைக்க வேண்டும். குளிர்த்துவது மெதுவாக, கரைப்பது விரைவாக. அந்த அம்மாவுக்கு என் சுருக்கமான பதில் இதுதான்.

இதனால் எமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லியோனார்ட் ஹேய்பிளிக் என்பவர், மனிதக் கலங்கள் ஏறக்குறைய 50 தடவை பெருகியபின் நின்றுவிடும் என்று கண்டார். 1962இல் அவர் டபிள்யூ.ஐ.38 என்ற கலவகையை உருவாக்கி, 800க்கும் மேற்பட்ட குப்பிகளில் உறைய வைத்தார். சுவீடனில் கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு தாயின் சிசுவின் நுரையீரலிலிருந்து வந்தவை அவை. அந்தத் தாயிடம் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1966இல் மில் ஹில் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் எம்.ஆர்.சி.5 என்ற கலவகையை உருவாக்கினார்கள். எமது பேரப்பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியில் உள்ள ருபெல்லா வைரஸ் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வளர்க்கப்படுகிறது.

வியப்பான விடயம் ஒன்று. 20 தடவை பெருகிய கலங்களை உறைய வைத்துப் பல ஆண்டுகள் கழித்து எடுத்தாலும், அவை விட்ட இடத்திலிருந்து தொடங்கி மீதி 30 தடவை அளவில்தான் பெருகும். தொட்டிக்குள் கிடந்த காலம் கணக்கில் சேராது. எங்கே நின்றோம் என்பதைக் கலம் மறப்பதில்லை.

ஆனால் தான் யார் என்று கலம் வாய் திறந்து சொல்லாது. அதற்குக் குப்பியில் எழுதிய பெயர்தான் சாட்சி. 1951இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாய் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். அவரைக் கேட்காமலே எடுத்த கலங்கள் 'ஹீலா' என்ற பெயரில் உலகெங்கும் போயின. பத்திரிகைகள் பல ஆண்டுகளாக அவர் பெயரை ஹெலன் லேன் என்று பிழையாக எழுதின. அவர் கலங்கள் உயிரோடு இருப்பதைக் குடும்பத்தினர் அறிந்தது 20 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஹீலா கலங்கள் மிக வேகமாகப் பெருகுபவை. கவனக்குறைவால் மற்றக் கலங்களோடு கலந்து அவற்றை விழுங்கிவிட்டன. 1966இல் ஸ்ரான்லி கார்ட்லர் என்ற அறிஞர், வேறு வேறு பெயர்களில் பயன்பட்டுவந்த 18 கலவகைகள் உண்மையில் ஹீலாவே என்று காட்டியபோது பலர் அதிர்ந்தார்கள். பிழையான பெயரோடு உறைய வைத்தால் அந்தப் பிழையும் பழுதாகாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பெயரை நம்பிச் செய்த ஆராய்ச்சிகள் வீணாயின. இன்று கலவகைகளை மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்துகிறார்கள்.

மில் ஹில்லில் பெயர் மாறியது நன்மையில் முடிந்ததும், போத்தலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பரிசோதித்துப் பார்த்ததால்தான்.

நேயர்களே, பெயர் மாறினால் என்ன பாடு என்று எமக்குத் தெரியும். நான் வந்திறங்கிய அன்று ஒரு அதிகாரி என் பெயரையும் தகப்பனார் பெயரையும் இடம் மாற்றி எழுதிவிட்டார். திருத்த ஆறு வருடம் சென்றது. வரிக் கணக்குக்காக என்னிடம் வருபவர்களிலும் ஒரே ஆளின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருப்பதைக் காண்கிறேன்.

பத்திரத்தையாவது திருத்தலாம். என் அம்மா ஊரிலிருந்து சுமந்து வந்த அல்பத்தில் ஒரு கலியாணப் படம் இருக்கிறது. பதினொரு பேர் நிற்கிறார்கள். அம்மா இருக்கும்வரை நான் கேட்கவில்லை. இன்று அதில் நான்கு பேர் யாரென்று சொல்ல ஆளில்லை. படம் பழுதாகவில்லை, பெயர்தான் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் அல்பங்களும் ஒலிநாடாக்களும் இருக்கும். இந்த வார இறுதியில் பெரியவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேட்டு, படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதிவிடுங்கள். ஒலிநாடாவில் யார் குரல் என்று குறித்து வையுங்கள். சந்தேகமிருந்தால் இன்னொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.