கேப் கோரல்: கால்வாய் வெட்டி விற்ற ஊர்

கேப் கோரல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கலூசஹாட்சி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய நகரம். லியோனார்ட் ரோசன், ஜாக் ரோசன் என்னும் சகோதரர்கள் 1957இல் இங்கு நிலம் வாங்கினர். அதற்கு முன் தொலைக்காட்சி விளம்பரம் மூலம் கூந்தல் தைலம் விற்றவர்கள் அவர்கள். மனையையும் ஏறக்குறைய அதே பாணியில்தான் விற்றார்கள்.

நிலம் தாழ்வானது. கால்வாய் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டியே மனைகளை மேடாக்கினர். வீட்டுப் பின்புறத்திலேயே படகைக் கட்டலாம் என்று விளம்பரம் செய்யவும் அது உதவியது. குளிர் மிகுந்த வட மாநிலத்தவர் பலர் மாதத் தவணையில், நேரில் பார்க்காமலே வாங்கினர். ஏமாற்று விற்பனைக்காக 1967இல் மாநில அரசு அந்நிறுவனத்தின் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. கரையோர அலையாத்திக் காடுகள் பெருமளவு அழிந்தன.

இன்று கால்வாய்களின் மொத்த நீளம் சுமார் 640 கிலோமீட்டர். ஆனால் எல்லாம் கடலைச் சேர்வதில்லை. பல உள்ளேயே முடியும் நன்னீர்க் கால்வாய்கள். கடலுக்குச் செல்லும் வழியிலும் தாழ்ந்த பாலம் குறுக்கிட்டால் பாய்மரப் படகு போகாது. எனவே பாலமற்ற வழியுள்ள மனைக்கே விலை அதிகம். குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் பல பகுதிகளுக்குப் பிற்காலத்தில்தான் வந்தன; அந்தச் செலவும் மனை உரிமையாளர் தலையில் விழுந்தது.

2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் தாக்கியபோது கால்வாய்க்கரைத் தடுப்புச் சுவர்கள் பல சரிந்தன. தன் மனையை ஒட்டிய சுவரை அந்தந்த உரிமையாளரே கட்டிக்கொள்ள வேண்டும்.