மீயொலிச் சைகைகளில் ஸ்பெக்கிள் இரைச்சல் குறைப்பு

ஸ்பெக்கிள் என்பது மீயொலி ஸ்கேன் படத்தில் ரவை தூவியது போலத் தெரியும் புள்ளித்திரள். டிரான்ஸ்டியூசர் அனுப்பும் ஒலித்துடிப்பு, ஈரல் போன்ற மென்திசுவில் தன் அலைநீளத்தைவிடச் சிறிய எண்ணற்ற நுண்கூறுகளில் பட்டுச் சிதறுகிறது. மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அலைநீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அந்தச் சிற்றெதிரொலிகளைக் கருவியால் பிரித்தறிய முடியாது. அவை கட்டம் ஒத்த இடத்தில் வலுத்தும் ஒவ்வாத இடத்தில் தேய்ந்தும் திரும்பி வருகின்றன.

மின்சுற்றில் எழும் இரைச்சலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிரான்ஸ்டியூசரும் உறுப்பும் அசையாதிருந்தால் ஸ்பெக்கிள் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அப்படியே வரும். ஒரே கோணத்தில் நூறு படங்கள் எடுத்துச் சராசரி கண்டாலும் அது குறையாது. கோணத்தையோ அதிர்வெண்ணையோ மாற்றினால்தான் புள்ளிகள் இடம் மாறும். கூட்டுப்படமாக்கல் என்னும் முறை இதைத்தான் பயன்படுத்துகிறது: ஒன்றோடொன்று தொடர்பற்ற 9 படங்களைச் சேர்த்தால் சைகை–இரைச்சல் விகிதம் 3 மடங்காகும். நடைமுறையில் கோணங்கள் நெருங்கியிருப்பதால் அவ்வளவு கிடைப்பதில்லை. இதற்கு விலையும் உண்டு. நொடிக்கு எடுக்கும் படங்கள் குறையும்; பித்தப்பைக் கல்லை அடையாளம் காட்டும் அதன் பின்நிழலும் மங்கிவிடும்.

உலோகச் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்கா எஃகின் பற்றவைப்பில் பருத்த படிகமணிகள் எழுப்பும் எதிரொலி, விரிசலின் எதிரொலியை மூழ்கடிக்கிறது. 1982இல் நியூஹவுஸ் குழுவினர் விவரித்த நிறமாலைப் பகுப்பு முறை, வந்த சைகையைப் பல குறுகிய அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கணத்திலும் மிகச் சிறிய வீச்சை எடுத்துக்கொள்கிறது. படிகமணி எதிரொலி பட்டைக்குப் பட்டை மாறுவதால் தேய்கிறது. விரிசலின் எதிரொலி எல்லாப் பட்டைகளிலும் இருப்பதால் நிலைக்கிறது.

மருத்துவப் படங்களுக்குத் திரும்பினால், படம் உருவான பின் கணினி வடிகட்டிகள் வருகின்றன. ஸ்பெக்கிள் சைகையோடு பெருக்கலாகச் சேர்வதால், மடக்கை எடுத்து அதைக் கூட்டலாக மாற்றிக்கொள்வது வழக்கம். லீ வடிகட்டி (1980) ரேடார் படங்களிலிருந்து இங்கு வந்தது. யூவும் ஆக்டனும் 2002இல் தந்த விரவல் முறை, விளிம்புகளைக் காத்தபடி உட்பகுதியை மட்டும் சமன்செய்கிறது. ஆனால் வடிகட்டிய படம் கண்ணுக்கு இதமாக இருப்பதாலேயே நம்பத்தக்கதாகிவிடாது. மார்பகத்தின் நுண்சுண்ணப் படிவுகளும் புள்ளிகளாகவே தெரியும்; மிகையாக வடிகட்டினால் அவையும் அழியும். வடிகட்டாத மூலப்படத்தையும் உடன் பார்ப்பதே பாதுகாப்பு.

ஆனால் ஸ்பெக்கிள் எப்போதும் தொல்லையல்ல. இதயத்தசை சுருங்கும் அளவைக் கணிக்கும் ஸ்பெக்கிள் தடமறிதல் எக்கோ சோதனை, இந்தப் புள்ளிகளின் நகர்வையே பின்தொடர்கிறது. அங்கே அவற்றை அழித்துவிட்டால் அளக்க எதுவும் இராது.