தலையெழுத்தும் கணக்கும்

தீராத நோய் ஒன்று கண்டவிடத்து, "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி ஓய்ந்துவிடுதல் நம்மவர்க்குள் நெடுநாளைய வழக்கம். தலைக்குள்ளேயே தோன்றும் மூளைப்புற்றைக் குறித்து அச்சொல் வழங்குமாயின் அதன் கொடுமை இரட்டிக்கின்றது. ஆனால் அந்நோயாளி எத்தனை காலம் வாழ்வார் என்று வைத்தியர் கூறுவது எழுத்தன்று, கணக்கேயாகும். எழுத்து அழியாதது என்பர். கணக்கோ பலரைக் கண்டு போடப்பட்டது, காலந்தோறும் திருத்தத் தக்கது. அக்கணக்கு எவ்வாறு பிறந்தது, அது யாரிடம் கூறப்பட்டது, யாரிடம் மறைக்கப்பட்டது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1884-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ரிக்மன் காட்லீ என்னும் ரணவைத்தியர் ஒரு வாலிபரின் மண்டையோட்டைத் திறந்து மூளைக்கட்டியை அகற்றினார். கட்டி இருக்குமிடத்தை நோயின் குறிகளைக் கொண்டே ஹியூஸ் பென்னெட் என்னும் வைத்தியர் முன்னதாகக் குறித்திருந்தார்; குறித்தவிடத்திலேயே அது இருந்தது. எனினும் ஒரு மாதத்திற்குள் நோயாளி இறந்தார். கட்டியின் இடத்தை அறியக் கற்றவர்கள் அதன் போக்கை அறிய இன்னும் பல்லாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

1926-இல் அமெரிக்காவிலே ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்னும் இருவர் அவ்வழியைத் திறந்தனர். கிளையோமா என்னும் ஒரே பெயரால் வழங்கிய 400-க்கு மேற்பட்ட கட்டிகளை அவர்கள் ஆராய்ந்தனர். பூதக்கண்ணாடியில் கண்ட உயிரணுக்களின் வகைக்கேற்பப் பிரித்தனர். ஒவ்வொரு வகையினரும் எத்தனை மாதம் உயிரோடிருந்தனர் என்பதையும் உடன் பொருத்திப் பார்த்தனர். சில வகையினர் சராசரி ஓராண்டளவே வாழ்ந்தனர். வேறு சில வகையினரோ ஐந்தாண்டுக்கு மேலும் வாழ்ந்தனர். ஒரே பெயருக்குள் இத்துணை வேறுபாடு மறைந்திருந்தது! மூளைக்கட்டி என்றாலே மரணம் என்று மொத்தமாய்ச் சொல்லிவிட இனி இயலாதாயிற்று.

கணக்குப் பிறந்தது, ஆனால் அதற்கு உரியவரிடம் அது சேரவில்லை. வைத்தியர் அறிந்தார், உறவினர் காதில் ஓதினார், நோயாளி மட்டும் அறியாதிருந்தார்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. ஜான் கந்தர் என்பவர் அமெரிக்காவின் பேர்பெற்ற பத்திரிகையாளர். 1946 ஏப்ரலில் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த அவருடைய மைந்தனுக்கு மூளையிற் கட்டி இருப்பதாகக் கண்டனர். அவனுக்கு அப்போது வயது 16. நியூயார்க்கில் ரணசிகிச்சை நடந்தது, எக்ஸ்ரே கதிர் செலுத்தினர், கடும்பத்தியமும் வைத்தனர். பிழைத்தல் அரிது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தும் மகன்முன் முகமலர்ச்சி காட்டினர். கட்டி என்பதை மட்டும் ரணவைத்தியர் அவனுக்குச் சொன்னபோது அவன் கேட்டது யாது? இதைப் பெற்றோர் அறிவார்களா, அவர்களுக்கு எவ்வாறு பக்குவமாய்ச் சொல்வது என்பதே! மகனைக் காக்கப் பெற்றோர் மறைத்தனர். பெற்றோரைக் காக்க மகன் கவலையுற்றான். 1947 ஜூன் மாதத் தொடக்கத்தில் தலைக்கட்டுடன் நடந்து சென்று பள்ளிப் பட்டயத்தைப் பெற்ற அவ்வாலிபன், அம்மாத முடிவில் தன் 17-ஆம் வயதில் மாண்டான். தந்தை 1949-இல் அதனை நூலாக எழுதினார். அன்பு மிக்க வீட்டிலும் மௌனம் ஒரு சுவராக நிற்கும் என்பதை அந்நூல் உலகுக்குக் காட்டியது.

அச்சுவர் இடியச் சில காலம் சென்றது. 1961-இல் சிக்காகோ நகரத்து வைத்தியர்களிடம் விசாரித்தபோது, புற்றுநோயாளிக்கு உண்மையைச் சொல்லாதிருப்பதே நலம் என்று 100-க்கு 90 பேர் கருதினர். 1979-இல் மற்றோர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் அதே வினாவைக் கேட்டபோது 100-க்கு 97 பேர் சொல்லுதலே நலம் என்றனர். சிகிச்சை முறைகள் பெருகின. அறியாதவன் சம்மதம் சம்மதமாகாது என்னும் நியாயமும் வலுப்பெற்றது.

சொல்லப்படுவதனால் மட்டும் விளங்கிவிடுமோ? இல்லை. 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் காண்க. கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப்புற்றுக் கண்ட 573 பேரை இரு கூட்டமாக்கினர். கதிர்சிகிச்சை மட்டும் பெற்றவர்க்கு நடுக்கணக்கு 12.1 மாதம், டெமோசோலோமைட் என்னும் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்க்கு 14.6 மாதம். நடுக்கணக்காவது யாது? பாதிப்பேர் அதற்கு முன் இறந்தனர், பாதிப்பேர் அதைக் கடந்தும் வாழ்ந்தனர் என்பதே. மருந்தும் பெற்றவர்களில் 100-க்கு 26 பேருக்குமேல் இரண்டாண்டைக் கடந்தனர். ஏறக்குறையப் பத்துப்பேர் ஐந்தாண்டையும் கடந்தனர். "பதினான்கு மாதம்" என்பதைத் தவணைநாளாகக் கொள்வோர் ஒருபுறம் தவறுகின்றனர். அந்தப் பத்துப்பேரில் நாமிருப்பது திண்ணம் என்போர் மறுபுறம் தவறுகின்றனர்.

இந்நோயில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிற நோய்கள் உடலைத் தின்னும். இதுவோ அறியும் கருவியையே தாக்கும். நினைவும் பேச்சும் தெளிவும் நாளடைவில் குன்றக்கூடும். பிறகு சொல்லலாம் என்று உறவினர் ஒத்திவைத்த நாள் வரும்போது, கேட்டு விளங்கிக்கொள்ளும் ஆற்றல் நோயாளிக்கு இல்லாது போகலாம். அப்போது எல்லா முடிவுகளும் பராமரிப்பவர் தலையில் விழும். அவர் விருப்பம் யாதோ என்று தெரியாமலே மனைவியோ மகனோ தீர்மானிக்க நேரிடும்.

தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்தியரை மறித்து, "அவருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கைகூப்பும் உறவினரை நாம் குறைகூற வரவில்லை. அது அன்பின் செயலே. ஆயினும் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரிடம் அவர் வாழ்நாட் கணக்கையே மறைப்பது அன்பாகுமா? எவ்வளவு அறிய விரும்புகின்றீர் என்று முதலில் அவரையே கேட்போம். அறிய வேண்டாம் என்பாராயின் அதையும் மதிப்போம். வேண்டும் என்பாராயின், சொல்லும்போது அருகிருந்து அவர் கையைப் பற்றிக்கொள்வோம். எழுத்து என்றிருந்தால் அழுவதன்றி வேறு வழியில்லை. கணக்கு என்றறிந்தாலோ, எஞ்சிய நாளை எங்ஙனம் செலவிடுவது என்று அவரே தீர்மானிக்க இடமுண்டு.