எட்டணா பாடம்

பெட்டிக்கடை வாசலில் தோரணம் மாதிரி தொங்குமே, ஷாம்பு பாக்கெட் சரம்? அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பல வருஷம் போடத் தவறிய ஒரு கணக்கு அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் ஷாம்பு என்றால் பாட்டில்தான். பாட்டில் வேண்டுமென்றால் டவுனில் இருக்கிற பெரிய கடைக்குத்தான் போகவேண்டும். மாதச் சம்பளக்காரர்கள் போனார்கள், வாங்கினார்கள். மற்றவர்களுக்குத்தான் சீயக்காய் இருக்கிறதே! 'ஏழை ஷாம்பு வாங்க மாட்டான்' என்று முடிவுகட்டி, கம்பெனிகள் ஃபைலை மூடி வைத்துவிட்டன.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர். விவசாயம் பார்த்தவர், கணக்கு வாத்தியாராக இருந்தவர், பிற்பாடு மருந்து, அழகுசாதனத் தொழிலுக்கு வந்தவர். அவர் போட்ட கணக்கு வேறு. ஏழை வாங்க மாட்டான் என்பது சரியில்லை. அவனால் வாங்க முடியவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

தினக்கூலிக்காரர் கையில் சாயங்காலம் இருப்பது அன்றைய காசு மட்டும்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாமே அன்றன்றைக்குத்தான். அவரிடம் போய், 'மாசத்துக்கான ஷாம்பை மொத்தமா வாங்கிக்கோ' என்றால் எப்படி?

எப்சம் உப்பையும் டால்கம் பவுடரையும் சின்னச் சின்ன பாக்கெட்டாக விற்றுப் பார்த்தவர் சின்னிகிருஷ்ணன். தூளை அடைக்கலாம் என்றால், திரவத்தையும் அடைக்கலாமே? ஒரு தலை, ஒரு குளியல், ஒரு பாக்கெட். மூட்டை தூக்குகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வாங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

யோசனை பிரமாதம். ஆனால், அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தை அவருக்குக் கைகூடவில்லை. அவர் காலமான பிறகு பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்பை நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன், சகோதரர்களோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். கையில் 15,000 ரூபாய். 1983-ல் தனியாக ஒரு ஷாம்பு. பெயர் 'சிக்'. அப்பா பெயரின் சுருக்கம்.

பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போனார்கள். ஒரு பையனை உட்காரவைத்து, ஊரே பார்க்க அவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசினார்கள். 'தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க' என்றார்கள். பாக்கெட்டை இலவசமாகவும் கொடுத்தார்கள்.

அடுத்து வந்ததுதான் அதிரடி. எந்தக் கம்பெனி ஷாம்பாக இருந்தாலும் சரி, காலி பாக்கெட் 5 கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம்! கொஞ்ச நாள் கழித்து, 'சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும்' என்று விதியை மாற்றினார்கள். அதற்குள் ஜனங்கள் சிக் ஷாம்புக்குப் பழகியிருந்தார்கள். மாதம் 35,000 ரூபாய்க்கு விற்றது 12 லட்சமாக ஏறியது. 1999-ல் விலை 50 காசு. அதாவது, எட்டணா. அதற்கு முந்தைய வருஷம்தான் கம்பெனிக்கு 'கெவின்கேர்' என்று பெயர் மாறியிருந்தது.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் பாக்கெட்டில் இறங்கினார்கள். இன்றைக்கு இந்தியாவில் விற்கும் ஷாம்பில் பெரும்பகுதி பாக்கெட்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்கிறது காமர்ஸ் பாடம். இங்கே பல பிராண்டுகளில் பாட்டிலைவிட பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு! கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் பேராசிரியர் சி.கே.பிரகலாத், ஏழைகளும் பெரிய சந்தைதான் என்று 2004-ல் புத்தகமே எழுதினார். கடலூரில் அதைப் புத்தகம் இல்லாமலே செய்து முடித்திருந்தார்கள்.

சுபம் போட்டுவிடலாமா? ம்ஹூம், ஒரு பாக்கி இருக்கிறது.

கிழித்துப் போட்ட பாக்கெட் எங்கே போகிறது? சாக்கடைக்கு, குளத்துக்கு, ஆற்றுக்கு. பல அடுக்கு பிளாஸ்டிக் என்பதால் மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. எடையும் இல்லாததால் குப்பை பொறுக்குகிறவர்கள்கூட அதை எடுப்பதில்லை. இப்படிப்பட்ட உறைகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரித்தவர்களின் பொறுப்பு என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் தெருமுனைச் சாக்கடையை எட்டிப் பாருங்கள், அந்த விதியின் லட்சணம் தெரியும்.

இப்போது அந்த 5 காலி பாக்கெட் திட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அது விற்பனைக்காகப் போட்ட தந்திரம்தான். சுற்றுச்சூழலை யாரும் நினைக்கவில்லை. ஆனாலும், காலி உறைக்கு ஒரு மதிப்பு கொடுத்ததும் ஜனங்கள் அதைப் பத்திரமாக எடுத்துவைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

பாக்கெட்டைக் காப்பியடிக்க எல்லோரும் ஓடிவந்தார்கள். காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்கியதைக் காப்பியடிக்கத்தான் ஆளில்லை. சின்னவர் சொன்ன கணக்கில் பெரியவர்கள் வரவை மட்டும் எழுதிக்கொண்டார்கள். செலவு, ஊர்க்கணக்கில்!