சாய்வு சொல்வதும் சொல்லாததும்: நீரில் கிளைத்த பலபடிகளின் வடிவம்

கிளைத்த பலபடியின் கரைசலில் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலை அளந்து, மடக்கை வரைபடத்தில் ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அதன் சாய்வைக் கொண்டே மூலக்கூறின் வடிவத்தை முடிவுசெய்யும் வழக்கம் உண்டு. அது ஏற்கத்தக்கதல்ல என்பது இக்கட்டுரையின் வாதம்.

சங்கிலி விரியாமலும் சுருங்காமலும் இருக்கும் தீட்டா நிலையில் கிளையற்ற சங்கிலி ஒன்றின் சிதறல் செறிவு, சிதறல் திசையனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நல்ல கரைப்பானில் சங்கிலி விரிவதால் அந்த அடுக்கு 5/3 ஆகிறது. வழவழப்பான பரப்புடைய திண்கோளத்துக்கு 4. ஒழுங்கின்றிக் கிளைத்த பலபடி நல்ல கரைப்பானில் உப்பி நின்றால்? அதற்கும் 2 தான்; பாரிசியும் சூர்லாஸும் 1981இல் கோட்பாட்டு வழியே நிறுவியது இது. ஆகவே 2 என்ற சாய்வை வைத்துக்கொண்டு கிளை உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

சுழற்சி ஆரம் மட்டும் தெரிந்தாலும் போதாது. நான்கு கைகள் கொண்ட நட்சத்திரப் பலபடியின் சுழற்சி ஆர வர்க்கம், அதே நிறையுள்ள நேர்ச்சங்கிலிக்குரியதில் 0.625 பங்கு என்று சிம்மும் ஸ்டாக்மேயரும் 1949இல் கணக்கிட்டனர். கணக்கு இலட்சியச் சங்கிலிக்கானது. நிறையைத் தனியே அளக்காமல் இதைப் பயன்படுத்த முடியாது.

நீர் என்றதும் சிக்கல் இன்னும் கூடுகிறது. மையத்திலிருந்து அடுக்கடுக்காக, தலைமுறை தலைமுறையாகக் கிளைக்கும் பாமாம் டெண்ட்ரிமரை எடுத்துக்கொள்வோம். அதன் அமீன் தொகுதிகள் நீரில் புரோட்டானை ஏற்று மின்னூட்டம் பெறுகின்றன. உப்பில்லாக் கரைசலில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கி இடைவெளி காக்க, மிகச்சிறு கோணங்களில் செறிவு அடங்கிவிடுகிறது. சிறுகோணச் செறிவிலிருந்து சுழற்சி ஆரத்தைக் கணக்கிட கினியே 1939இல் தந்த வாய்ப்பாட்டை அங்கே கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் ஆரம் உண்மையைவிடச் சிறியதாகக் கிடைக்கும். உப்புச் சேர்த்தும் பல அடர்வுகளில் அளந்தும் சுழியத்துக்கு நீட்டிப் பார்ப்பதே முறை.

இந்த மூலக்கூறின் உள்ளமைப்பு பற்றிய பழைய வழக்கும் பாடம் தருவதே. கிளை முனைகள் வெளியோரத்தில் திரள, மையம் தளர்வாக இருக்கும் என்று டி ஜென்னும் ஹெர்வேயும் 1983இல் கருதினர். 1990இல் லெஸ்கானெக், முத்துக்குமார் இருவரின் கணினிப் பாவனை, முனைகள் உட்புறம் மடிவதையும் மையமே அடர்ந்திருப்பதையும் காட்டியது. பிற்காலச் சான்றுகள் பெரும்பாலும் பின்னவர் பக்கமே சாய்ந்தன. எக்ஸ்-கதிர் அளவீடுகளில் தொடக்கத் தலைமுறைகள் நட்சத்திரப் பலபடியை ஒத்தும், உயர் தலைமுறைகள் கோளத்துக்கே உரிய ஏற்ற இறக்கங்களுடனும் சிதறின. ஒரே குடும்பத்துக்கு ஒரே வடிவம் என்ற எண்ணத்துக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

கரைசலை அமிலமாக்கினால் டெண்ட்ரிமர் பெரிதும் வீங்கும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. 2000இல் எட்டாம் தலைமுறையில் நடந்த நியூட்ரான் சிதறல் ஆய்வில் அளவு ஏறத்தாழ மாறவே இல்லை. நான்காம் தலைமுறையில் பின்னர் நடந்த அளவீடுகளோ, ஆரம் அதிகம் மாறாதபோதும் உள்ளே அடர்த்தி வெளிப்புறம் நோக்கி நகர்வதைக் காட்டின. வெறும் ஆரத்தைப் பட்டியலிட்டவருக்கு இது தெரிந்திருக்காது.

எனவே வடிவம் பற்றிய கூற்று ஏற்கப்பட வேண்டுமானால் கிராட்கி வரைபடம் (செறிவைச் சிதறல் திசையனின் இருமடியால் பெருக்கி வரைவது), தனிமுதல் அலகில் செறிவு, உப்பின் அளவு, கினியே பொருத்தத்தின் வீச்சு, தனியே அளந்த மூலக்கூறு நிறை ஆகியவை கட்டுரையிலேயே இடம்பெற வேண்டும். இவையின்றி வரும் சாய்வெண்ணை வடிவத்துக்கான சான்றாக மதிப்பீட்டாளர்கள் ஏற்கலாகாது.